ஓசூர்ப் பனியிலிருந்து ஒகேனக்கல் சாரல் வரை, கழுத்தில் ஒரு டப்பாவோடு

காலை ஆறரை மணி, ஓசூர் பேருந்து நிலையம். டீயை வாங்கிக்கொண்டு திரும்புகிறேன், காற்றிலுள்ள தூசியை அளக்க நானே செய்து கழுத்தில் தொங்கவிட்டிருந்த டப்பா விர்ரென்று அதிர ஆரம்பித்துவிட்டது. கார்த்திகை மாதம், எதிரே நின்ற பஸ்ஸின் ஊர்ப் பலகையே தெரியாத அளவுக்குப் பனி. டப்பாவின் திரையில் 140, 155, 170 என்று எண் ஏறிக்கொண்டே போனது.

டப்பா என்றால் நிஜமாகவே சோப்பு டப்பாதான். உள்ளே இருப்பது பிளான்டவர் பிஎம்எஸ்7003 என்ற தூசி சென்சார், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. ஒரு குட்டி விசிறி காற்றை உள்ளே இழுக்கும், அந்தக் காற்றின் குறுக்கே லேசர் ஒளி பாயும், தூசியில் பட்டுச் சிதறுகிற ஒளியை வைத்து எத்தனை துகள், எவ்வளவு பெரியது என்று கணக்குப் போடும். இதோடு ஈரப்பதமும் வெப்பமும் பார்க்க ஒரு பிஎம்இ280, கார்பன் மோனாக்சைடுக்கு ஒரு சின்ன மின்வேதி செல், எல்லாவற்றையும் மேய்க்க ஒரு இஎஸ்பி32 போர்டு, எழுதி வைக்க மெமரி கார்டு. முதலில் எம்க்யூ-7 என்ற மலிவான வாயு சென்சாரைத்தான் போட்டேன், ஆனால் அதற்குள் ஒரு ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும், சட்டைக்கு மேலேயே சூடு தெரிந்தது, பேட்டரியும் மதியத்துக்குள் காலி. அதனால் மாற்றினேன். தூசி சென்சாரையும் விடாமல் ஓட்டினால் பேட்டரி தாங்காது, ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுப்புகிறேன், எழுந்ததும் முப்பது விநாடி விசிறி சுற்றிய பிறகு வருகிற அளவைத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

ஓசூரில் சர்க்யூட் போர்டு சோதிக்கிற வேலை எனக்கு. ஆறு மாத ஞாயிற்றுக்கிழமைகள் இதற்குப் போயின. காற்றுத் தரம் அளக்கும் நிலையங்கள் ஒரே இடத்தில் நிற்கும், அவை சொல்வது ஊரின் காற்று. மனுஷன் அப்படி நிற்பதில்லையே, பஸ்ஸில் ஏறுகிறான், பட்டறைக்குப் போகிறான், அடுப்படியில் உட்காருகிறான். மூக்கிலிருந்து ஒரு அடிக்குள் இருக்கிற காற்றுதான் நுரையீரலுக்குப் போகிறது, அதனால்தான் கழுத்தில். பைக்கில் போனால் எதிர்க்காற்று விசிறியின் கணக்கைக் கெடுத்துவிடும், ஆகவே ஆயா (அம்மாவைப் பெற்ற பாட்டி) ஊருக்கு இந்தத் தடவை பஸ்ஸிலேயே கிளம்பினேன். ஆயா ஊர் பென்னாகரத்துக்கும் ஏரியூருக்கும் நடுவில்.

திரையில் தெரிகிற எண் பி.எம் 2.5-இன் அளவு. பி.எம் 2.5 என்பது 2.5 மைக்ரானுக்கும் சின்னத் துகள், தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குதான் வரும். ஒரு கன மீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரி 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது வெறும் 15. ஓசூர்ப் பனியில் 170 என்றால் பயப்படத்தானே வேண்டும்? பயந்தேன். சூளகிரி தாண்டி வெயில் வந்து பனி விலகியதும் எண் 40-க்கு இறங்கிவிட்டது, ஏன் என்று அப்போது புரியவில்லை.

கிருஷ்ணகிரிக்கு முன்னால் இறங்கினேன். நெடுஞ்சாலையை ஒட்டி கிரானைட் அறுக்கிற பட்டறைகள் வரிசையாக இருக்கும், அதில் ஒன்றின் வாசலில் டீக்கடை. வேலை செய்கிறவர்களின் புருவம், இமை, காது மடல் எல்லாம் வெள்ளை பூத்திருந்தது. ஓரளவு வயதான ஒருவர், கையில் பிடித்துத் தேய்க்கும் கிரைண்டர் வேலை பார்ப்பவர், டீ குடித்துக்கொண்டே "என்னம்மா அது, தாயத்தா?" என்று கேட்டார். விவரம் சொன்னேன். "எனக்கு எவ்ளோ காட்டுது, பாரு" என்று பக்கத்தில் வந்து நின்றார். 48 காட்டியது. வரம்பு 60 என்று நான் ஏற்கெனவே சொல்லித் தொலைத்திருந்தேன். "அப்போ பயமில்லை" என்று சிரித்துவிட்டு எழுந்தார்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏனென்றால் அந்த எண்ணை அங்கே நம்பவே கூடாது. இந்தச் சென்சாருக்குப் புகை மாதிரி நுண்துகள் நன்றாகத் தெரியும், கல் தூசி மாதிரி கொஞ்சம் பெரிய துகளில் பெரும்பகுதியைத் தவறவிட்டுவிடும். அதைவிட முக்கியம், எது எதன் தூசி என்று இதற்குத் தெரியாது. கிரானைட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா. அதன் நுண்தூசி நுரையீரலில் போய்த் தங்கித் தழும்பாகி வருவதுதான் சிலிகோசிஸ். வந்தால் திரும்பாது. 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே அது தொழில்நோயாகப் பட்டியலில் இருந்தது. அவர் பின்னாலேயே ஓடிப்போய், அண்ணா, அந்த எண் தப்பு, இது கல் தூசியைப் பார்க்காது, தண்ணீர் விட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது, முடிந்தால் தண்ணீர் விட்டுச் செய்யுங்கள் என்றேன். "தண்ணி விடுற மெஷினு உள்ளதான் இருக்குது, கை மெஷினுக்குக் கிடையாது" என்றார். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். துண்டு நுண்தூசியை நிறுத்தாது என்பதும் எனக்குத் தெரியும். டப்பா இல்லாமல் போயிருந்தால் அந்த மனுஷனுக்கு ஒரு பொய் தைரியமாவது கொடுக்காமல் இருந்திருப்பேன் என்று அன்று முழுக்க ஓடிக்கொண்டே இருந்தது. ஓசூருக்குத் திரும்பியதும் முதலில் செய்த வேலை, 'நல்லது' என்று காட்டுகிற பச்சை விளக்கைக் கழற்றியதுதான். இப்போது என் டப்பா எந்த இடத்தையும் நல்லது என்று சொல்லாது.

காவேரிப்பட்டணம், தருமபுரி எல்லாம் ஜன்னல் வழியாகப் போயின. தருமபுரியிலிருந்து பென்னாகரம் டவுன் பஸ். இண்டூர் தாண்டியதும் சாலையிலேயே கேழ்வரகுக் கதிரைப் பரப்பியிருந்தார்கள், நம் பக்கத்தில் பஸ்ஸும் லாரியும்தான் போரடிக்கும். பஸ் ஏறி இறங்கியபோது உமி கிளம்பி ஜன்னலுக்குள் வந்தது, எல்லோரும் முந்தானையால் மூக்கைப் பொத்தினோம், டப்பா ஒரு நிமிஷம் உறுமிவிட்டு அடங்கியது.

ஆயா வீட்டில் சாயங்காலம் களி. சிலிண்டர் இருக்கிறது, ஆனால் களி மட்டும் விறகடுப்பில்தான். பழக்கம் விடாதது மட்டும் காரணமில்லை, துடுப்பைப் போட்டு அழுத்திக் கிண்டும்போது கேஸ் அடுப்பு ஆடும், பாத்திரம் நிற்காது. ஆயா பக்கத்தில் உட்கார்ந்தேன். அடுப்பு பற்ற வைத்த நேரத்தில் 120, கிண்ட ஆரம்பித்ததும் 400, அப்புறம் 500-ஐத் தாண்டிப் போனது. 500 வரைக்கும்தான் அளவை நம்பலாம் என்று சென்சாரோடு வரும் தாளிலேயே போட்டிருக்கிறார்கள், ஆகவே அதற்கு மேல் எவ்வளவு என்று சொல்ல மாட்டேன். கார்பன் மோனாக்சைடும் ஏறியது. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை அதைவிட 200 மடங்குக்கு மேல் பலமாகப் பிடித்துக்கொள்ளும். சமைத்ததும் தலை கனக்குது என்று ஆயா வருஷக்கணக்காகச் சொல்வதை நாங்கள் வயசு என்றே எடுத்துக்கொண்டோம். "அது ஏன் கண்ணு இப்படி உறுமுது?" என்றார் ஆயா. மெமரி கார்டைப் போனில் போட்டுக் காட்டினேன், மலை மாதிரி ஒரு கோடு. "இது நான் கிண்டுன நேரமா?" என்று விரலை வைத்துப் பார்த்தார்.

மறுநாள் காலையில் மாமா ரெண்டு ஹாலோ பிளாக்கைத் தூக்கிவந்து வாசல் புங்க மரத்தடியில் காற்றுத் தடுப்பாக வைத்தார். வெளியே அடுப்பு. அனல் நிற்காது என்று ஆயா முனகினாலும் களி வெந்தது, டப்பா 90-க்கு மேல் போகவில்லை.

அன்றே ஒகேனக்கல். அருவிக்கு எதிரே போய் நின்றால் முகமெல்லாம் சாரல், அதைவிடச் சுத்தமான காற்று எனக்குத் தெரிந்து இந்த மாவட்டத்தில் இல்லை. டப்பா 210 என்கிறது! ஈரப்பதம் 98 சதவீதம். அப்போதுதான் ஓசூர்ப் பனி புரிந்தது. லேசருக்குத் தூசியும் ஒன்று, நீர்த்துளியும் ஒன்று, எது மேலே பட்டாலும் ஒளி சிதறும், போதாததற்கு ஈரக்காற்றில் தூசியே தண்ணீரைக் குடித்து ஊதிவிடும். அங்கேயே பாறையில் உட்கார்ந்து, ஈரப்பதம் 85-ஐத் தாண்டினால் எண்ணுக்குப் பதில் 'ஈரம்' என்று மட்டும் காட்டும்படி நோட்டில் எழுதிக்கொண்டேன். மீன் வறுக்கிற கடைகள் பக்கம் வந்ததும் ஈரம் குறைந்து எண் மறுபடி ஏறியது, அது உண்மையான புகை. பரிசலில் ஏறும்போது டப்பாவைப் பாலித்தீன் பையில் சுற்றி உள்ளே வைத்துவிட்டேன், அந்த ஒரு மணி நேரம் எனக்கு எந்த எண்ணும் வேண்டியிருக்கவில்லை.

ஆனால் இந்த மண்ணின் ஆகப்பெரிய ஆபத்தைக் கழுத்தில் தொங்குகிற எந்தச் சென்சாரும் பார்க்காது. அது தண்ணீரில் இருக்கிறது. என் அம்மாவின் முன்பற்களில் பழுப்புக் கோடு இருக்கும், ஆயா ஊரில் பிறந்து வளர்ந்தவர். பால்பல் விழுந்து முளைக்கிற நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகும் வயதில் குடித்த தண்ணீரின் ஃப்ளோரைடு அது. பாறையிலிருந்து கரைந்து போர்வெல்லில் வருகிறது, நிறமோ ருசியோ காட்டிக்கொடுக்காது, காய்ச்சினால் போகாது, தண்ணீர் வற்றிச் செறிவுதான் கூடும். இதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-இல் தண்ணீர் விட்டார்கள்.

ஆகவே பையில் ஒரு சோதனைப் பெட்டியும் கொண்டு போயிருந்தேன். தண்ணீரில் சிவப்பு மருந்தைச் சொட்டுவிட்டால், ஃப்ளோரைடு கூடக் கூடச் சிவப்பு மங்கி மஞ்சளாகும், வண்ண அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதுதான். திட்டக் குழாய்த் தண்ணீர் சிவப்பாகவே நின்றது. வீட்டுக்குப் பின்னால் இருக்கிற போர் தண்ணீர் மஞ்சள், அட்டையில் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் 3-க்கும் நடுவில். இந்தியத் தர அளவு 1, வேறு வழியே இல்லையென்றால் 1.5.

"குடிக்கறதுக்குக் குழாத் தண்ணிதான் கண்ணு, களிக்கும் சோத்துக்கும் மட்டும் போரு" என்றார் ஆயா. குழாய் தினமும் வருவதில்லை, பிடித்து வைப்பதைக் குடிக்க மட்டும் என்று ஒதுக்கியிருக்கிறார். ஆனால் களிக்கு ஊற்றுகிற தண்ணீரை வடிப்பதில்லையே, மாவு அவ்வளவையும் குடித்துவிடும், நாம் அதைச் சாப்பிடுகிறோம். அதைச் சொன்னதும் ரெண்டு சோதனைக் குழாயையும் வெளிச்சத்தில் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் உள்ளே போய் மஞ்சள் தூளைக் குழைத்துவந்து போர் தண்ணீர்க் குடத்தின் கழுத்தில் ஒரு பட்டை போட்டு, அதைத் தூக்கி வெளியே பாத்திரம் துலக்குகிற கல் பக்கத்தில் வைத்தார். நேற்றுப் போன் செய்தபோது மாமா இன்னொரு பிளாஸ்டிக் டிரம் வாங்கிவிட்டதாகச் சொன்னார்.