போன் வராவிட்டால் நார்மல் என்று நம்பாதீர்கள்

குறைந்த செலவில் பெண்களுக்கான பரிசோதனை முகாம் என்றதும் அக்காவையும் இழுத்துக்கொண்டு போனேன். ஒரு காலைப்பொழுதில் முடியும் என்று நினைத்த வேலைக்கு நான்கு முறை அலைந்தேன். கடைசி ரிப்போர்ட் கைக்கு வர நாலு மாதம் ஆனது.

ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின் எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்தன. எனக்கு ஹீமோகுளோபின் 10.8. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. வேலைப்பளு என்று நான் நினைத்திருந்த களைப்புக்குக் காரணம் அன்றுதான் புரிந்தது.

பிரச்சினை கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்காகச் செல்களை எடுத்துப் பார்க்கும் பரிசோதனையில். உள்ளே போன பிறகுதான் நர்ஸ், "மாதவிடாய் நாளா? இன்று எடுக்க முடியாதே" என்றார். அக்காவையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். முந்தின இரவு அவள் பிறப்புறுப்பில் வைக்கும் மாத்திரை பயன்படுத்தியிருந்தாள். இரண்டு நாளைக்கு முன்பிருந்தே அப்படிப்பட்ட மாத்திரை, க்ரீம், உள்ளே கழுவுவது, தாம்பத்தியம் எதுவும் கூடாதாம். பெயர், வயது, முகவரி என்று அத்தனையும் கேட்டுப் பதிந்தவர்கள் இதையும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கூலி வேலையை விட்டுவிட்டு வந்த பெண்களும் அன்று எங்களோடு திரும்பிப் போனார்கள். அவர்களில் எத்தனை பேர் மறுபடி வந்திருப்பார்கள்?

இரண்டு வாரம் கழித்துப் போனோம். சாம்பிள் எடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கொஞ்சம் அசௌகரியம்தான், பயந்த அளவுக்கு வலி இல்லை. மேமோகிராமுக்கு, அதாவது மார்பகத்தை அழுத்தி எடுக்கும் எக்ஸ்ரேக்கு, அக்குளில் பவுடர், டியோடரன்ட் போடாமல் போங்கள். அதன் துகள்கள் படத்தில் புள்ளிகளாக விழுந்து குழப்பும். மாதவிடாய் முடிந்த அடுத்த வாரம் போனால் அழுத்தும்போது வலி குறைவு.

"ஏதாவது இருந்தால் நாங்களே போன் பண்ணுவோம். வராவிட்டால் நார்மல்" என்று சொல்லி அனுப்பினார்கள். ஒரு மாதம் ஆகியும் போன் வரவில்லை. "அப்போ நார்மல்தான்டி, விடு" என்றாள் அக்கா. எனக்கு மனசு கேட்கவில்லை. நேரில் போனேன்.

கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "உங்கள் பெயரில் எதுவும் இல்லை" என்றார். நல்லவேளை, ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தேன். அதிலிருந்த சாம்பிள் எண்ணை வைத்துத் தேடச் சொன்னேன். பெரிய மனசு பண்ணித் தேடினார். இரண்டு ரிப்போர்ட்டும் இருந்தன. இருவருக்கும் நான் கொடுத்திருந்த ஒரே போன் நம்பரில் ஒரு இலக்கம் தப்பாகப் பதிவாகியிருந்தது.

என் ரிப்போர்ட்டில் 'போதிய செல்கள் இல்லை' என்றிருந்தது. அது நார்மலும் இல்லை, நோயும் இல்லை. இரண்டிலிருந்து நான்கு மாதத்துக்குள் மறுபடி எடுக்க வேண்டும். எடுத்தேன், நார்மல். அக்காவுக்குத்தான் செல்களில் மாற்றம், கோல்போஸ்கோபி (கர்ப்பப்பை வாயைக் கருவியால் பெரிதாக்கிப் பார்ப்பது) அவசியம் என்று எழுதியிருந்தது. அந்தக் காகிதம் அங்கேயே கிடந்திருந்தால்?

கோல்போஸ்கோபியில் சிறு துண்டு எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய் இல்லை, அதற்கு முந்தைய நிலை. இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான எச்பிவி வைரஸ் உள்ளே தங்கிவிட்டால் புற்றுநோயாக மாறப் பெரும்பாலும் 15 முதல் 20 வருடம் ஆகும், அதற்குள் கண்டுபிடித்தால் அந்தப் பகுதியை மட்டும் எடுத்துவிடலாம் என்று டாக்டர் விளக்கினார். அக்காவுக்கு அதுவரை ஒரு அறிகுறியும் கிடையாது. அந்தப் பகுதியை எடுக்கக் காலையில் போனவள் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஆகவே, போன் நம்பரை அவர்கள் பதிந்ததும் திரும்பப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ரசீதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட் எந்தத் தேதிக்கு வரும் என்று கேட்டு, அந்தத் தேதியில் நீங்களே போய் நில்லுங்கள்.

ஆறு மாதத்தில் அக்காவுக்கு மறுபரிசோதனை. இந்த முறை நம்பரை அவளே தன் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.