எல்லாம் ஒரே சிவப்பு

"மாமா, இதை வாங்கலாமா?"

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள பங்களாதேஷ் சந்தையில், வெண்டைக்காய்க் குவியலுக்கு மேலே கைபேசியை நீட்டினான் அக்கா மகன். திரை முழுக்கச் சிவப்பு. அவன் விரல் நின்ற இடத்தில், இருப்பதிலேயே அதிகமாக விழுந்திருந்த பங்கு.

"ஏன் விழுந்தது?"

"மலிவாகக் கிடைக்கிறதே!"

நான் கேட்டது ஒன்று, அவன் சொன்னது ஒன்று.

பங்குச் சந்தை சரியும்போது நல்ல நிறுவனமும் விழும், கடனில் மூழ்கிய நிறுவனமும் விழும். திரையில் இரண்டுக்கும் ஒரே நிறம்தான். 2020 மார்ச்சில் ஜோகன்னஸ்பர்க் பங்குச் சந்தை அடிவாங்கியது; 2021 தொடக்கத்திலேயே அதன் குறியீடு, அதாவது பல பங்குகளின் விலையைச் சேர்த்துக் காட்டும் எண், புதிய உச்சத்தைத் தொட்டது. ஆனால் குறியீடு மீண்டதால் ஒவ்வொரு பங்கும் மீண்டுவிடவில்லை.

நம் தென்னாப்பிரிக்காவில் இன்னொரு முடிச்சும் உண்டு. ஜோகன்னஸ்பர்க் சந்தையின் நாற்பது பெரிய நிறுவனங்களைக் கொண்டது டாப் 40 குறியீடு. அவற்றில் பலவற்றுக்கு வருமானம் வெளிநாட்டிலிருந்து வருகிறது. நம் நாணயமான ராண்ட் சரிந்தால் அவற்றுக்கு லாபமாகக்கூட முடியும். உள்ளூர் வங்கிக்கும் துணிக்கடைக்கும் அந்த வசதி இல்லை.

இதையெல்லாம் படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு, 2000-இல் வந்த சாட்ரிக்ஸ் 40 போன்ற குறியீட்டு நிதி இருக்கிறது; குறியீட்டில் உள்ள பங்குகளையெல்லாம் அதுவே சேர்த்து வாங்கி வைத்திருக்கும். மாதாமாதம் கொஞ்சம் போடலாம். வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் தனிப் பங்கு வாங்க அனுமதி இல்லை. இத்தகைய நிதிக்கு உண்டு.

பையன் தலையாட்டினான். காதில் விழுந்ததா, தெரியவில்லை.

"சரி, கார் கடனுக்கு என்ன வட்டி கட்டுகிறாய்?" என்றேன்.

அக்கா சத்தமாகச் சிரித்துவிட்டாள்.