60-க்கும் 15-க்கும் இடையில்

நான் ஃபோர்த் இன்ஜினியராக இருந்த ஒரு கப்பலில், சிங்கப்பூரில் நிரப்பிய 380 ரகக் கனரக எரியெண்ணெயின் ஆய்வறிக்கை, நாங்கள் கடலில் மூன்று நாள் ஓடிய பிறகு வந்து சேர்ந்தது. அலுமினியமும் சிலிக்கானும் சேர்த்துக் கிலோவுக்கு 52 மில்லிகிராம் என்றிருந்தது. ஐஎஸ்ஓ 8217 தரம் 60 வரை அனுமதிப்பதால், அறிக்கையைக் கோப்பில் சேர்த்துவிட்டு அந்த எண்ணெயையே எரிக்கத் தொடங்கினோம்.

சுத்திகரிப்பு ஆலையில் வினையூக்கியாகப் பயன்படும் தூளில் ஒரு பகுதி அடிக்கசடோடு சேர்ந்து கப்பல் எண்ணெய்க்குள் வந்துவிடும். கேட் ஃபைன்ஸ் என்று நாங்கள் சொல்லும் இந்தத் துகள்கள் சில மைக்ரான் அளவே இருந்தாலும் வார்ப்பிரும்பைக் கீறிவிடும். அதனால்தான் இயந்திரத்துக்குள் நுழையும்போது 15-க்கு மேல் இருக்கக் கூடாது என்று தயாரிப்பாளர்கள் வற்புறுத்துகிறார்கள். 60-ஐ 15-க்குக் கொண்டுவருவது, எண்ணெயை வேகமாகச் சுழற்றி அழுக்கைப் பிரிக்கும் பியூரிஃபையரின் வேலை; பியூரிஃபையரோ என் பொறுப்பில் இருந்தது.

ஹீட்டரில் கசடு படிந்திருந்ததால் 98 பாகையில் போக வேண்டிய எண்ணெய் 88 பாகையில்தான் போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது பியூரிஃபையர் உதிரிபாகத்துக்காகக் காத்துக் கிடந்ததால், ஒன்றின் வழியாகவே எண்ணெய் முழுவதையும் வேகமாகச் செலுத்தினேன். எண்ணெய் கெட்டியாக இருந்தால் துகள் பிரியாது. எண்ணெய் விரைந்து ஓடினால் பிரிய நேரமும் கிடைக்காது. அந்த நிலையில் அரபிக்கடலுக்குள் தென்மேற்குப் பருவக்காற்று நாள்களில் நுழைந்தோம். கப்பல் உருண்ட உருளலில், இயந்திரத்துக்கு எண்ணெய் தரும் சர்வீஸ் டேங்கின் அடியில் தங்கியிருந்ததெல்லாம் கலங்கி மேலே வந்தது. தானியங்கி வடிகட்டி சில நிமிடங்களுக்கு ஒருமுறை தன்னைத்தானே கழுவிக்கொண்டே இருந்தது. பதிவேட்டில் அதை எழுதினேன். ஆனால் காரணத்தைத் தேடவில்லை.

அடுத்த துறைமுகத்தில், சிலிண்டர்களுக்குக் காற்று போகும் ஸ்கேவெஞ்ச் அறைக்குள் விளக்கோடு புகுந்தபோது, மூன்றாம் சிலிண்டரின் உட்சுவரான லைனரில் மேலிருந்து கீழாகக் கோடுகள் ஓடியிருந்தன. பிஸ்டன் வளையத்தை மரக்குச்சியால் அழுத்தினால் அது துள்ளி மீள வேண்டும். இரண்டாவது வளையம் மீளவில்லை, உடைந்திருந்தது. பிஸ்டனைக் கழற்றி அளந்தோம். ஆயிரம் மணி நேரத்துக்கு 0.1 மி.மீ.க்குக் குறைவாகவே தேய வேண்டிய லைனர், அந்த ஒரே பயணத்தில் அதைப்போல் பல மடங்கு தேய்ந்திருந்தது. சீஃப் இன்ஜினியர் என்னைக் கடியவில்லை. பியூரிஃபையருக்கு முன்னும் பின்னும் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பச் சொன்னார். அதற்கு முன் அந்தக் கப்பலில் யாரும் அப்படிச் செய்திருக்கவில்லை.

2020 ஜனவரியில் கப்பல் எண்ணெயின் கந்தக வரம்பு 3.50 சதவீதத்திலிருந்து 0.50 ஆனபின் கவலையின் வடிவம் மாறியது. இப்போது இரண்டு எண்ணெய்கள் ஒரே தொட்டியில் கலந்தாலே, எண்ணெயிலுள்ள கனமான தார்ப்பொருளான அஸ்ஃபால்டீன் திரிந்து, வடிகட்டியை அடைத்துவிடக்கூடும். 2022-இல் சிங்கப்பூரில் குளோரின் சேர்மங்கள் கலந்த எண்ணெய் சுமார் 200 கப்பல்களுக்குப் போனது. ஏறத்தாழ 80 கப்பல்கள் பழுதைத் தெரிவித்தன. வழக்கமான பரிசோதனைகளில் அந்தக் கலப்படம் தென்படவே இல்லை.

இன்று என்னிடம் புதிதாகச் சேரும் ஃபோர்த் இன்ஜினியரிடம் ஆய்வறிக்கையைக் காட்டுவதற்கு முன் கசடு அடியில் தங்கும் செட்டிலிங் டேங்கின் வடிகால் வால்வைத் திறக்கச் சொல்கிறேன். அடியிலிருந்து வருவதை அவரே விரலில் தேய்த்துப் பார்க்க வேண்டும்.