யாழுக்கு அடுத்த கட்டம்

பெயர் வைப்பதில் எங்கள் குடும்பத்துக்கு இருக்கும் ஆர்வம், வைத்த பெயரைச் சொல்லி அழைப்பதில் ஒருநாளும் இருந்ததில்லை என்பதை அறிந்தவர்கள், தம்பி மகளின் நடுப்பெயருக்காக நேற்றிரவு காணொளியில் நடந்த மாநாட்டைக் கேட்டு வியக்கப்போவதில்லை. குழந்தைக்கு ‘யாழ்’ என்பது எந்தச் சண்டையுமின்றி முடிவாகிவிட்டது. எங்கள் வீட்டில் அது நல்ல சகுனமே அல்ல. விண்ணப்பத்தில் முதற்பெயருக்கும் குடும்பப்பெயருக்கும் இடையில் ‘நடுப்பெயர்’ என்று ஒரு கட்டம் காலியாக இருப்பதைத் தம்பி வாய்தவறிச் சொல்லிவிட்டான். காலியாக ஒரு நாற்காலி கிடந்தால்கூட எதையாவது மடித்து அதன்மேல் வைக்காமல் இருக்க முடியாதவர்கள், கட்டத்தையா விடுவார்கள்?

தமிழ் படித்தவள் என்ற ஒரே குற்றத்துக்காக என்னைத் தலைமை தாங்கச் சொன்னார்கள். நானும் பொறுப்பாக விதிகளை எடுத்துரைத்தேன். ‘யாழ்’ ஒரே அசையில் முடிந்துவிடும் பெயர். அதன் பின்னால் ‘பூ’, ‘தேன்’ என்று இன்னொரு ஓரசைச் சொல்லைப் போட்டால், குழந்தை திரும்பிப் பார்ப்பதற்குள் கூப்பிட்டு முடித்திருப்போம். ஆகவே அடுத்து வருவது சற்று நீண்டதாக இருக்க வேண்டும். அது உயிரெழுத்தில் தொடங்கவும் கூடாது, ஏனெனில் ‘யாழ்’ மெய்யில் முடிவதால், பின்னால் வரும் உயிரை இழுத்துத் தன்மேல் ஏற்றிக்கொண்டுவிடும். சித்தி முன்மொழிந்த ‘உமையாள்’ இந்த இடத்தில்தான் அடிபட்டது. ‘யாழ் உமையாள்’ என்று வேகமாகக் கூப்பிட்டுப் பாருங்கள். ‘யாழுமையாள்’ என்று யாரோ ஒருத்திதான் வருவாள், நம் யாழைக் காணோம் என்று தேட வேண்டியிருக்கும். போதாக்குறைக்குத் தம்பி, தன் பெயரான கதிரவனையும் சேர்த்து ஆங்கில முதலெழுத்துகளைக் கூட்டிப் பார்த்து, ‘ஒய், யு, கே’ என்று வருகிறதே, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கத்தமாட்டார்களா என்று கேட்டான். சித்தி உடனே கேமராவை அணைத்துவிட்டார். மைக்கை அணைக்காததால், எங்கள் இருவரைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்பதை எல்லோரும் தெளிவாகக் கேட்க முடிந்தது.

அப்பா ‘மங்கையர்க்கரசி’ என்றார். நீளம் வேண்டும் என்றுதானே சொன்னாய் என்று என்னையே மடக்கினார். விமானச் சீட்டிலும் கடவுச்சீட்டிலும் இது அடங்காது என்று தம்பி அலறியதும், அப்பா தம் பழைய கடவுச்சீட்டை எடுத்துவந்து பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். படம் இருக்கும் பக்கத்தின் அடியில், இயந்திரம் படிப்பதற்கென்று அம்புக்குறிகளாக நிறைந்திருக்கும் இரண்டு வரிகளில் ஒவ்வொன்றுக்கும் 44 இடங்கள் உண்டு. முதல் வரியில் ஆவண வகைக்கும் நாட்டுக்குமாக 5 போக, பெயருக்கு 39 கிடைக்கிறது. கதிரவனுக்கு 10, இடைக்குறிகளுக்கு 3, யாழுக்கு 4, மங்கையர்க்கரசிக்கு 16, ஆக மொத்தம் 33 என்று விரல்விட்டு எண்ணி முடித்த அப்பா, இன்னும் 6 இடங்கள் வீணாகப் போகின்றனவே என்று வருத்தப்பட்டாரே தவிர, பின்வாங்கவில்லை.

இவ்வளவும் முன்னுரைதான். பாட்டிமார் இருவரும் அதுவரை பொறுமையாக இருந்தார்கள். “என் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை” என்று அம்மா தொடங்கியதும், எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். சரஸ்வதி என்ற பெயருக்கும் இசைக்கும் உள்ள பொருத்தத்தை அம்மா ஒரு சொற்பொழிவாகவே நிகழ்த்தி முடித்தார். “வாஸ்தவம்தான் சம்பந்தி. ஆனால் அவள் கையில் இருப்பது வீணையல்லவா, யாழ் இல்லையே?” என்று செண்பகவல்லி அம்மாள் மிகுந்த மரியாதையுடன் ஓர் ஐயத்தை எழுப்பினார். அந்த மரியாதை இருக்கிறதே, அதற்குச் சித்தியின் மைக்கே தேவலை.

இந்த நெருக்கடியில்தான் எனக்கு ஹாரி எஸ். ட்ரூமன் நினைவுக்கு வந்தார். 1884ல் பிறந்து, பிற்காலத்தில் அமெரிக்காவின் 33ஆவது அதிபரான அவருடைய பெயரின் நடுவில் நிற்கும் ‘எஸ்’ எந்தப் பெயரின் சுருக்கமும் அல்ல. ஒரு தாத்தா ஆண்டர்சன் ஷிப் ட்ரூமன், இன்னொருவர் சாலமன் யங். இருவருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று வெறும் எழுத்தை வைத்துவிட்டார்கள். நமக்கும் சரஸ்வதி, செண்பகவல்லி என்று இரண்டும் அதே எழுத்தில் வாய்த்திருக்கும்போது, கட்டத்தில் ‘எஸ்’ என்று மட்டும் எழுதிவிட்டால் வழக்கே இல்லையே என்றேன். அம்மா சிறிது யோசித்துவிட்டு, “எஸ் என்றால் அவர்கள் பெயர் என்றுதானே எல்லோரும் நினைப்பார்கள்?” என்றார். சம்பந்தியம்மாளும் அதே வாக்கியத்தை அதே நொடியில் சொன்னார். அந்த இரவில் இருவரும் ஒத்துப்போனது அது ஒன்றில்தான்.

அழைப்பு முடிந்து படுக்கப் போகையில் சம்பந்தியம்மாள் தனியாக என்னை அழைத்தார். “உங்கள் அம்மா பெயரையே வைத்துவிடச் சொல்லுங்கள் அம்மா. முழங்கால் வலியோடு வந்து, ராத்திரி முழுக்கக் குழந்தையைத் தோளில் போட்டு நடந்தவர் அவர்தானே” என்றார். தொண்டை அடைத்துப் பேச்சு வராமல் நான் அம்மாவை அழைத்தால், அம்மா எடுத்த எடுப்பில், “செண்பகவல்லி என்றே எழுதிவிடச் சொல். அவருக்கு இது முதல் பேத்தி, பாவம்” என்றார். நெகிழ்ச்சியெல்லாம் காலைவரைதான் நீடித்தது. விட்டுக்கொடுத்தது தாம்தான் என்பது வெளியே தெரிந்தாக வேண்டும் என்பதில் இருவரும் இப்போது பிடிவாதமாக இருக்கிறார்கள். முன்பாவது ஒருவர் இறங்கிவந்தால் தீர்ந்திருக்கும்.

அழைப்பு முழுவதும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வாய் திறக்காதிருந்த தம்பி மனைவியிடமிருந்து சற்றுமுன் ஒரு செய்தி வந்தது: “அண்ணி, அந்தக் கட்டத்துக்கு நட்சத்திரக் குறியே இல்லை, கட்டாயமில்லையாம். காலியாக விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். இங்கே ‘வேறு பெயர்கள் இருப்பின்’ என்று நான்கு வரி கொடுத்திருக்கிறார்கள். தயவுசெய்து மாமாவிடம் சொல்லிவிடாதீர்கள்.”