காற்றாடிமலையில் முழங்காலிட்ட இடம்

ஆரல்வாய்மொழியில் வண்டியை விட்டு இறங்கியதும் முதலில் வந்து மோதுவது காற்று. திருநெல்வேலிச் சீமையிலிருந்து நாஞ்சில் நாட்டுக்குள் நுழைகிற கணவாய் இது. மலைகளுக்கு நடுவே இருக்கிற இந்த இடைவெளியில் காற்று மொத்தமும் புகுந்து வருகிறது. முப்பந்தல் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்பதும் இதனால்தான். சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தலையில் முக்காடு நிற்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் மேலே ஏற வேண்டும். இந்தக் காற்றாடிமலையில்தான் 1752 ஜனவரி 14 அன்று, கிறிஸ்தவ விசுவாசத்தை விடாத தேவசகாயத்தைச் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று ரோமில் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியாவின் பொதுநிலையினரில், அதாவது குருவோ துறவியோ அல்லாதவர்களில், புனிதரான முதல் ஆள் அவர். அந்த அறிவிப்புக்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே எங்கள் பக்கத்துச் சனங்களுக்கு அவர் புனிதர்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் மகனுக்கு வேலை கிடைக்கவில்லை என்றாலும் இந்த மலைக்குத்தான் வருவார்கள்.

நான் வந்தது பயத்தோடு. இருதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை, நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று திருவனந்தபுரத்தில் சொல்லிவிட்டார்கள். தேதியும் கொடுத்தாயிற்று. டாக்டர் நல்லவர், பொறுமையாகப் படம் வரைந்து காட்டினார். ஆனால் இருதயத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்து, ஒரு மெஷின் அதன் வேலையைச் செய்யும் என்று அவர் சொன்னதற்கு அப்புறம் எனக்கு வேறெதுவும் காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு ராத்திரியில் தூக்கம் கலையும், நெஞ்சில் கை வைத்துத் துடிப்பைப் பார்ப்பேன். ஜெபமாலை சொல்வேன், பாதியில் நின்றுவிடும். இத்தனை வருஷம் கோயிலுக்குப் போய் நற்கருணை வாங்கியவள் இப்படி நடுங்கலாமா, விசுவாசம் இருந்தால் பயம் எப்படி வரும் என்பது இன்னொரு வேதனை. பயத்தைவிட அதுதான் அதிகமாக அரித்தது.

மதினிதான் சொன்னாள், ஆபரேஷனுக்கு முன்னால் தேவசகாயம் நடந்த இடமெல்லாம் போய்விட்டு வருவோம் என்று. அவள் தம்பியின் ஆட்டோவில் விடியற்காலையிலேயே கிளம்பினோம்.

முதலில் நட்டாலம். 1712இல் நீலகண்டனாக அவர் பிறந்த ஊர். பிறகு பத்மநாபபுரம் அரண்மனையில், மார்த்தாண்ட வர்மா மகாராஜாவின் ஆட்சியில் உத்தியோகம். குறைவில்லாத வாழ்க்கை. அந்த வாழ்க்கையில் ஒரு காலம் ஆடுமாடு செத்து, விளைச்சல் போய், மனம் உடைந்திருந்தார். அப்போது அவருக்கு ஆறுதல் சொன்னவர் டிலனாய் என்ற டச்சுப் படைத்தலைவர். 1741 குளச்சல் போரில் தோற்று, திருவிதாங்கூர் மகாராஜாவிடம் கைதியாகப் பிடிபட்டு, பிறகு அதே மகாராஜாவின் படைக்குப் பயிற்சி கொடுத்தவர். வேதாகமத்தில் எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத யோபுவின் கதையை அவர் நீலகண்டனுக்குச் சொன்னார் என்பார்கள். எனக்கு இது ரொம்பப் பிடித்த இடம். நாடு, படை, விடுதலை எல்லாவற்றையும் இழந்த ஒருவன், மனம் உடைந்து நிற்கிற இன்னொருவனிடம் போய் யோபுவைப் பற்றிப் பேசுகிறான். சுகமாக இருக்கிறவன் சொல்லியிருந்தால் அந்தக் கதை இந்த அளவுக்கு உள்ளே இறங்கியிருக்காது. 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் நீலகண்டன் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்ற பெயரைத் தமிழில் தேவசகாயம் என்று வைத்தார்கள்.

புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாயின் கல்லறை இருக்கிறது. கூரை இல்லாத பழைய சிற்றாலயம், கல்லில் லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கிறார்கள். அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு முட்டிடிச்சான் பாறைக்குப் போனோம். 1749இல் தேவசகாயத்தைக் கைது செய்தார்கள். அவருடைய விசுவாசமும், சாதி பாராமல் எல்லாரோடும் பழகியதும் பலருக்குப் பிடிக்கவில்லை. ராஜதுரோகப் பழியும் சேர்ந்துகொண்டது. எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மேல் பின்பக்கம் பார்த்து உட்காரவைத்து, ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அடித்த புண்ணில் மிளகாய்ப்பொடி தடவினார்கள். அந்த வழியில் இங்கே தாகம் தாங்காமல் ஜெபித்துவிட்டுக் கைமுட்டால் பாறையில் இடித்தார், தண்ணீர் வந்தது என்பது விசுவாசம். பாறையில் ஒரு சின்னக் குழி. அதிலிருக்கிற தண்ணீரைத்தான் வருகிறவர்கள் நெற்றியில் தொட்டுக்கொள்கிறார்கள், குப்பியில் எடுத்துப் போகிறார்கள். நான் விரலை விட்டபோது தண்ணீர் சில்லென்று இருந்தது. மதினி குனிந்து ஒரு கை மொண்டு என் நெஞ்சில் சிலுவை போட்டாள், சட்டை நனைந்தது. அவள் எதுவும் பேசவில்லை. நானும் அழவில்லை. அதுவரை அழாமல் இருந்ததே எனக்குப் பெரிய விஷயம்.

அங்கிருந்து பெருவிளை. ஆராச்சார் வீட்டுப் பக்கம் ஒரு வேப்பமரத்தில் அவரை மாதக்கணக்கில் கட்டிப்போட்டிருந்தார்கள். வெயிலும் மழையும் அதே மரத்தடியில். தூக்குப் போடுகிற ஆராச்சாருக்குப் பிள்ளை இல்லை என்றும், கட்டுண்டு கிடந்த தேவசகாயம் வேப்பிலை கொடுத்து ஆசீர்வதித்ததில் பிள்ளை பிறந்தது என்றும் ஊரில் சொல்வார்கள். அவரைப் பார்க்கக் கூட்டம் கூடிக்கொண்டே போகவும்தான் அங்கிருந்து கிளப்பி ஆரல்வாய்மொழிக்குக் கொண்டுபோனார்கள். பெருவிளையில் நாங்கள் அதிக நேரம் இருக்கவில்லை. வெயில் ஏறிவிட்டது, எனக்கு மூச்சு வாங்கியது.

காற்றாடிமலையை அடைந்தபோது மத்தியானப் பொழுது. வியாகுல மாதா கோயிலில் கும்பிட்டுவிட்டு, மதினி கையைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று ஏறினேன். மேலே, அவர் கடைசியாக முழங்காலிட்டு ஜெபித்ததாகச் சொல்லும் இடம் இருக்கிறது. சுடுவதற்கு முன் படைவீரர்களிடம் ஜெபம் பண்ணக் கொஞ்ச நேரம் கேட்டார், கொடுத்தார்கள். அந்தப் பாறையில் முழங்காலும் கைமுட்டும் பதிந்த தடம் என்று காட்டுகிறார்கள். வந்தவர்கள் தொட்டுத் தொட்டு அந்தப் பள்ளங்கள் வழுவழுவென்று இருக்கின்றன. ஓரத்தில் மெழுகு உருகி உறைந்து கிடந்தது. காற்றில் ஒரு மெழுகுதிரியும் முழுசாக எரிவதில்லை. ஆனாலும் ஒவ்வொருவரும் கையால் மறைத்துப் பற்றவைக்கிறார்கள்.

கொஞ்ச தூரத்தில் மணியடிச்சான் பாறை. அவர் சுடப்பட்ட நேரத்தில் உடைந்து விழுந்த பாறை, மணிபோல் ஒலித்தது என்பார்கள். இப்போதும் கல்லால் தட்டினால் கணீரென்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாறி மாறித் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

என்னால் முழங்காலிட முடியவில்லை, பாறையோரத்தில் உட்கார்ந்தேன். பக்கத்தில் வயதான அம்மா ஒருத்தி ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்கள். என் முகத்தைப் பார்த்தே ஏதோ புரிந்திருக்க வேண்டும்.

“என்ன மக்களே, சுகமில்லையா?”

“ஆபரேஷன் சொல்லியிருக்காங்க பாட்டி. பயமா இருக்கு. இவ்வளவு பயப்படறது பாவமோன்னும் இருக்கு.”

“பயம் பாவமா? அப்போ ஆண்டவரு கெத்சமனியில பட்டது என்ன?” என்றார்கள். அவ்வளவுதான். திரும்பவும் மணிகளை உருட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

மதினியின் கைப்பையில் புதிய ஏற்பாடு இருந்தது. லூக்கா 22ஆம் அதிகாரத்தை எடுத்தேன், ஆண்டவர் பிடிபடுவதற்கு முன் ஜெபித்த பாட்டி சொன்ன அந்த இடம். எத்தனையோ பெரிய வியாழன்களில் கேட்ட பகுதிதான். இந்தத் துன்பக் கிண்ணத்தை அகற்றும் என்று ஆண்டவர் தந்தையிடம் கேட்கிறார். வானதூதர் ஒருவர் வந்து அவரைத் திடப்படுத்துகிறார். அதற்கு அடுத்த வசனத்தில்தான் அவருடைய வியர்வை பெரும் இரத்தத் துளிகளைப் போலத் தரையில் விழுகிறது. நான் இதுவரை தலைகீழாகவே நினைத்திருந்தேன்: முதலில் வேதனை, பிறகு வானதூதர், பிறகு எல்லாம் சரி என்று. லூக்கா எழுதியிருக்கும் வரிசை அப்படியில்லை. திடன் வந்த பிறகும் வியர்வை வந்திருக்கிறது. இன்னும் உருக்கமாக ஜெபித்தார் என்றும் அதே இடத்தில் இருக்கிறது. கிண்ணம் அகலவில்லை. அவர் எழுந்து, தூங்கிக்கொண்டிருந்த சீடர்களிடம் போகிறார். பிடிக்க வருகிறவர்களை எதிர்கொள்கிறார்.

பாறையிலிருந்த தடத்தை மறுபடி பார்த்தேன். மூன்று வருஷம் அடியும் பட்டினியும் தாங்கிய மனிதர், கடைசி நேரத்தில் கொஞ்சம் ஜெபிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். நேற்றைய தைரியம் அவருக்கு அன்றைக்குப் போதவில்லை. அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே, முழங்காலில் நின்று கேட்டு வாங்கியிருக்கிறார். நானோ ஆபரேஷன் நாளுக்கு வேண்டிய தைரியத்தை மாதக்கணக்கில் முன்னதாகவே கேட்டுக்கொண்டு, அது வரவில்லையே என்று ராத்திரியெல்லாம் விசுவாசத்தைச் சந்தேகப்பட்டிருந்தேன். மலையில் உட்கார்ந்து ஜெபித்தது ஒன்றே ஒன்றுதான்: “ஆண்டவரே, கீழே இறங்கிப்போக மட்டும் இப்போது பெலன் கொடும்.” இறங்கினோம்.

சாயங்காலம் கோட்டாறு சவேரியார் பேராலயம். மலையில் விட்டுப்போன அவருடைய உடலின் மிச்சத்தை விசுவாசிகள் தேடி எடுத்துவந்து இங்கேதான் அடக்கம் செய்தார்கள். கல்லறையில் பூ வைத்து, திருப்பலி பார்த்தோம். அவருடைய மனைவி பார்கவியம்மாளும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ என்று பெயர் வாங்கியவர். வடக்கன்குளத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. புருஷனை அப்படி இழந்த பிறகும் அதே விசுவாசத்தில் நின்று வாழ்ந்து முடித்த அந்த அம்மாவைப் பற்றி நம் கோயில்களில் இன்னும் அதிகம் பேச வேண்டும். அன்றைக்கு நேரமில்லாமல் வடக்கன்குளம் போகவில்லை.

ஆபரேஷன் அன்று விடியற்காலையில் பயந்தேனா என்றால், பயந்தேன். பச்சைத் துணி கட்டி, கழுத்திலிருந்த மாதா சுரூபத்தைக் கழற்றி மதினி கையில் கொடுத்தபோது உள்ளங்கை முழுக்க வியர்த்திருந்தது. ஆனால் அந்த வியர்வை என்னை முன்போலக் குற்றம் சாட்டவில்லை. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போன நர்ஸ் பிள்ளை மலையாளத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். லிஃப்ட் வரைக்கும் பெலன் கொடும் என்றேன். அப்புறம் கதவு வரைக்கும். அப்புறம் மருந்து ஏறும் வரைக்கும். ஒவ்வொன்றுக்கும் வந்தது. உள்ளே விளக்குகளைப் பார்த்துக்கொண்டு ‘அருள் நிறைந்த மரியே’ ஆரம்பித்தது ஞாபகம் இருக்கிறது, முடித்தது ஞாபகம் இல்லை.

தேறிவிட்டேன், ஆண்டவருக்குத் தோத்திரம். தேறாமல் போயிருந்தாலும் அவர் அந்தக் கதவுக்கு அந்தப் பக்கமும் இருந்திருப்பார் என்று இப்போது என்னால் சொல்ல முடிகிறது. தேவசகாயத்தைக் குண்டு தொடாமல் காப்பாற்றவில்லை. அவர் விசுவாசம் அதனால் பொய்யாகவும் இல்லை.

எங்கள் தெருவில் ஒரு தங்கச்சிக்கு இப்போது மார்பில் கட்டி என்று பயாப்ஸி எடுத்திருக்கிறார்கள், முடிவு வரவில்லை. சாப்பாடு இறங்கவில்லை என்று அவள் அம்மா சொன்னார்கள். வருகிற வெள்ளிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு போகிறோம். அதே ஆட்டோவைத்தான் சொல்லியிருக்கிறோம். இந்தத் தடவை வடக்கன்குளமும் போவதாக ஏற்பாடு.