இடது கடைவாய்

அக்டோபர் 11, சனி

ராத்திரி ரெண்டரை மணிக்குக் கூடத்தில் விளக்கு எரிந்தது. அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து இடது தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"நெஞ்சா அப்பா?"

"இல்ல மக்களே, பல்லு. நீ போய்ப் படு."

எப்படிப் படுப்பது? கை, முதுகு, தாடை, எங்கே வலித்தாலும் காத்திருக்காதீர்கள் என்று இதயத்துக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்து டிஸ்சார்ஜ் ஆன அன்றைக்கு நர்ஸ் சொன்னது காதிலேயே இருக்கிறது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், வியர்வை இல்லை. மூச்சு சீராக இருந்தது. ஸ்பூன் காம்பால் பல்லை லேசாகத் தட்டியதும் துள்ளிவிட்டார். சரி, பல்தான்.

அக்டோபர் 12, ஞாயிறு

அம்மா டப்பாவிலிருந்த கிராம்பைக் கொட்டிப் பார்த்தாள். பாதிக்கு மேல் தலை உதிர்ந்து வெறும் காம்பு. நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசியவே இல்லை. நல்ல கிராம்பு தண்ணீரில் போட்டால் நிமிர்ந்து நிற்கும், சாரம் போனது படுத்து மிதக்கும். எங்கள் வீட்டுக் கிராம்பு மொத்தமும் படுத்துவிட்டது.

மாறாமலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற அக்கா ஒரு சின்னப் பொட்டலம் கொடுத்தார்கள். மொட்டு விரிவதற்கு முன், சிவப்பு ஏறும்போதே பறித்து வெயிலில் காயவைத்தது. நகம் பட்டதுமே விரலில் எண்ணெய் ஒட்டியது. அந்த மணத்துக்கே புவிசார் குறியீடு கொடுக்கலாம், கன்னியாகுமரிக் கிராம்புக்குக் கொடுத்தும் இருக்கிறார்கள்.

அப்பா ஒன்றை மெல்லக் கடித்துக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் தோள் தளர்ந்தது. கிராம்புக்கு அடங்குகிற வலி நெஞ்சு வலியாக இருக்காது. இந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் இன்றைக்குச் சமைத்தேன்.

அக்டோபர் 13, திங்கள்

பல் டாக்டர் பார்த்தார். சொத்தை நரம்பு வரைக்கும் போய்விட்டது. மேல்பாகம் பாதி உடைந்திருப்பதால் வேர் சிகிச்சை செய்தாலும் பல் நிற்காது, எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார். எடுக்கலாம் என்று கையுறை மாட்டியவர், மாத்திரைச் சீட்டில் ரத்தம் கட்டாமலிருக்கிற மாத்திரைகளைப் பார்த்ததும் கழற்றிவிட்டார். ஹார்ட் டாக்டர் ஒரு கடிதம் எழுதித் தர வேண்டுமாம். ஹார்ட் டாக்டர் தீபாவளி லீவு. 23-ஆம் தேதிதான் வருவார்.

நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள் என்று அழுத்திச் சொன்னார். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும், அதுவும் எழுதிக்கொடுத்த அளவில். கடையில் கிடைக்கும் மற்ற வலி மாத்திரைகள் இவருடைய இதயத்துக்கும் ஆகாது, வயிற்றில் ரத்தக் கசிவும் வரலாம். அப்படியானால் மிச்சமிருப்பது எங்கள் அடுக்களைதான்.

கிராம்பு வைத்து வலி குறைந்தால் நெஞ்சு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அப்படிக் கணக்குப் போடாதீங்க. நடந்தா கூடுது, வியர்க்குது, மூச்சு வாங்குதுன்னா கிராம்பத் தேடாதீங்க, வண்டியத் தேடுங்க."

குழிக்குள் வெள்ளையாக ஒரு மருந்தை வைத்துத் தற்காலிகமாக அடைத்து அனுப்பினார்.

அக்டோபர் 14, செவ்வாய்

அப்பா வாயைத் திறந்தாலே கிராம்பு மணம். அந்த வெள்ளை மருந்திலிருந்துதான். துத்தநாக ஆக்சைடையும் யூஜெனாலையும் குழைத்து வைப்பது அது. யூஜெனால் என்பது கிராம்பு எண்ணெயின் உயிர், எண்ணெயில் முக்கால் பங்குக்கும் மேல் பெரும்பாலும் அதுதான். நரம்பை மரத்துப்போக வைக்கும். பல் ஆஸ்பத்திரிகளுக்கென்று ஒரு வாசனை உண்டல்லவா, அது கிராம்பு வாசனை என்று இத்தனை வருடம் தோன்றியதே இல்லை. அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு முகமெல்லாம் பெருமை. "அப்ப நான் வச்சதும் அதே மருந்துதானே" என்றாள். ஆமாம், அதேதான்.

அக்டோபர் 15, புதன்

தூங்கினார். விடியற்காலை வரை.

அக்டோபர் 16, வியாழன்

அடைத்த மருந்து சாப்பிடும்போது பெயர்ந்து வந்துவிட்டது. ராத்திரி மறுபடியும் நாற்காலி.

படுத்தால்தான் கூடுகிறது. பல்லின் நடுவே இருக்கும் பற்கூழ் கெட்டியான சுவருக்குள் அடைபட்டது. அழற்சி வந்தால் அதற்கு வீங்க இடமில்லை. தலை தாழ்ந்தால் அங்கே ரத்தம் ஏறி அழுத்தம் இன்னும் கூடும். அதனால் கட்டிலின் தலைப்பக்கம் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடி படுக்க வைத்தேன். கழுத்து வலிக்கிறது என்றார். சுருட்டிய வேட்டி ஒன்றை முட்டுக் கொடுத்தேன். கொஞ்சம் அடங்கியது.

நான் செய்கிறதை எழுதி வைக்கிறேன். நான் அசந்துவிட்டால் அம்மா பார்த்துச் செய்யட்டும்.

ஒரு தம்ளர் இளஞ்சூட்டுத் தண்ணீருக்கு அரை ஸ்பூன் உப்பு. அரை நிமிடம் வாயில் வைத்து, அந்தப் பக்கமாகவே தலையைச் சாய்த்து, துப்ப வேண்டும். உப்புக் குறைத்துச் சாப்பிடுகிற மனுஷன், ஒரு மடக்கும் உள்ளே போகக் கூடாது. சாப்பிட்ட பிறகு கட்டாயம். குழிக்குள் ஒரு பருக்கை சிக்கிக்கொண்டாலே அவருக்கு உயிர் போகிறது.

கிராம்பு எண்ணெய் ஒரு சொட்டு, தேங்காய் எண்ணெய் நாலைந்து சொட்டு. தீக்குச்சியின் மருந்தில்லாத முனையில் பஞ்சைச் சுற்றி, நனைத்து, ஓரத்தில் வைத்துப் பிழிந்துவிட வேண்டும். சொட்டச் சொட்ட வைக்கக் கூடாது. டார்ச் அடித்துக்கொண்டு, கன்னத்தை ஸ்பூனால் ஒதுக்கி, குழியில் மட்டும் ஒற்ற வேண்டும். கலக்காத எண்ணெய் ஈறில் பட்டால் தோல் வெந்துபோகும். ஊறும் எச்சிலைத் துப்பச் சொல்ல வேண்டும். ரத்தம் கட்டாமலிருக்க மாத்திரை போடுகிறவர், எண்ணெய் வயிற்றுக்குள் போகவே வேண்டாம்.

சூடான கருப்பட்டிக் காப்பி குடித்தால் துடிக்கிறார். பானைத் தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டால் அடங்குகிறது. ஐஸைத் துண்டில் சுற்றிக் கன்னத்துக்கு வெளியே பத்து நிமிடம் வைத்தேன். பூண்டு நசுக்கி வைக்கலாமா என்று அம்மா கேட்டாள். வேண்டாம், பச்சைப் பூண்டும் ஈறைப் பொத்துவிடும்.

மாடிப்படி ஏறி இறங்கச் சொல்லிப் பார்த்தேன். வலி கூடவில்லை. மூச்சும் வாங்கவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

தோவாளையிலிருந்து அத்தை வந்துவிட்டாள். மடியில் ஒரு பொட்டலம். உள்ளே காய்ந்த கண்டங்கத்திரிப் பழம், மஞ்சள் வற்றிப் பழுப்பேறியது. "அண்ணனுக்குப் பூச்சிப் பல்லு. புகை போட்டா விழுந்துரும்."

சின்ன வயதில் அவளுக்குப் போட்டிருக்கிறார்கள். சிரட்டையில் கங்கு எடுத்து, விதையைத் தூவி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மேலே எழும் புகையைப் பப்பாளித் தண்டு வழியாக வாய்க்குள் இழுக்க வேண்டும். பிறகு தண்ணீரில் துப்பினால் வெள்ளை வெள்ளையாகப் புழு மிதக்குமாம். அவள் கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறாள். பொய் சொல்கிற ஆள் இல்லை என் அத்தை.

இந்தப் பூச்சி நம்ம ஊர்க்காரன் மட்டும் நம்பியது இல்லை. பாபிலோனியர்கள் பல்லில் புழு இருக்கிறது என்று களிமண் பலகையில் மந்திரமே எழுதி வைத்திருக்கிறார்கள். ஐரோப்பாவிலும் ஹென்பேன் என்ற செடியின் விதையை இதே போலக் கங்கில் போட்டுப் புகை பிடித்திருக்கிறார்கள். சூட்டில் விதை வெடித்து உள்ளே இருக்கும் முளை வெளியே வந்துவிடும். தண்ணீரில் பார்த்தால் அச்சு அசல் புழு. 1728-இல் பிரான்சில் பியர் ஃபோஷார் என்ற பல் மருத்துவர்தான் தேடிப் பார்த்தும் அப்படிப் புழு எதுவும் இல்லை என்று எழுதினார். பல்லை அரிப்பது பாக்டீரியா கக்கும் அமிலம்.

இதை எல்லாம் அத்தையிடம் சொல்லவில்லை. நெஞ்சுக்காரருக்குப் புகை ஆகாது என்று மட்டும் சொன்னேன். உடனே பொட்டலத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் கொல்லைக்குப் போய்க் கொய்யாத் துளிரைக் கிள்ளி வந்து, கொதிக்க வைத்து, ஆற்றி, அண்ணன் வாயில் அவளே ஊற்றினாள். நல்ல துவர்ப்பு. ஈறு இறுகிய மாதிரி இருக்கிறது என்றார் அப்பா. அவளுடைய வைத்தியங்களில் கொய்யா இலைக்கு என் முழு ஓட்டு.

ராத்திரி ரெண்டு பேரும் உமிக்கரியில் பல் தேய்த்த காலத்தைப் பேசிக்கொண்டிருந்தார்கள். வலித்ததாகவே அப்பா காட்டிக்கொள்ளவில்லை. அத்தை படுத்த பிறகு எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

அக்டோபர் 18, சனி

அப்பாவைப் பார்க்க வந்த ஒருவர் எருக்கம்பாலைப் பஞ்சில் தொட்டு வைத்தால் பல் தானாக உதிர்ந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னதோடு நிற்காமல் ஒடித்து எடுத்துக்கொண்டும் வந்திருந்தார். வாங்கித் தூர எறிந்தேன். கண்ணில் பட்டால் கண்ணைக் கெடுக்கிற பால் அது, வாய்ச் சதையை என்ன செய்யாது? இன்னொருவர் ஆஸ்பிரினைப் பொடித்து ஈறில் அமுக்கச் சொல்கிறார். அது மாத்திரையாக விழுங்குகிற மருந்து, ஈறில் வைத்தால் வெள்ளையாக வெந்துதான் போகும். அதோடு இவருக்கு அது ஏற்கெனவே தினமும் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது.

அன்பில்தான் சொல்கிறார்கள். தெரியும். ஆனாலும் இன்றைக்கு எனக்கு எல்லோர் மேலும் கோபம்.

அக்டோபர் 19, ஞாயிறு

மழை. மருத்துவமனைக்கு போன் செய்தேன். கடிதத்துக்கு டாக்டரே வர வேண்டும், வேறு யாரும் எழுத முடியாது.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்த அப்பா, சுத்தமாக வலியே இல்லை மக்களே என்றார். அம்மா சாமி படத்துக்கு முன்னால் நின்றுவிட்டாள். அத்தைக்குக் கொய்யா இலைதான் காரணம். முந்திரிக்கொத்தை அப்பா இடிகல்லில் பொடித்துத் தரச் சொல்லிச் சாப்பிட்டார். வீடு பழையபடி ஆனது போல இருந்தது.

அக்டோபர் 21, செவ்வாய்

இன்றும் வலி இல்லை. சூடு, குளிர்ச்சி எதுவும் தெரியவில்லையாம். நேற்றிலிருந்து கிராம்பு எண்ணெய் பக்கமே போகவில்லை. மருந்தே வைக்காமல் நிற்கிற வலி.

நரம்பு செத்தால்தான் இப்படி நிற்கும். உள்ளே அழுகுவது நிற்காது, வேர் நுனி வழியாக எலும்புக்குப் போகும். அவர் சிரிக்கிறதைப் பார்த்து நானும் சிரிக்கிறேன். சொல்ல மனசு வரவில்லை. பல் பிடுங்க வேண்டியதில்லை போலிருக்கே என்று அவர் அம்மாவிடம் சொல்வது கேட்டது. உடனே போய்ச் சொல்லிவிட்டேன். முகம் வாடிவிட்டது. 23-ஆம் தேதி போகத்தான் போகிறோம் என்று சொல்லி வந்தேன்.

ராத்திரி எழுந்து போய் மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்த்தேன். பல்லுக்காகப் பார்க்கவில்லை.

அக்டோபர் 22, புதன்

காலையில் இடது கன்னம் வீங்கியிருந்தது. தொட்டால் சூடு. அம்மா வாணலியில் உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடத்துக்குத் தயாராகிவிட்டாள். சீழ் இருக்கிற இடத்தில் சூடு வைத்தால் வீக்கம் பெருகும், வைக்க விடவில்லை. குளிர் ஒத்தடம் மட்டும்.

பல் டாக்டர் போனிலேயே கேள்விகளாகக் கேட்டார். மூன்று விரலைச் செங்குத்தாக வாய்க்குள் விட முடிகிறதா? முடிகிறது. தண்ணீர் விழுங்க முடிகிறதா? முடிகிறது. காய்ச்சல்? இல்லை. வீக்கம் தாடை எலும்புக்குக் கீழே கழுத்துக்கு இறங்குகிறதா? இல்லை. இதில் ஒன்று மாறினாலும், ராத்திரி எந்நேரமானாலும், நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும், மூச்சுக்குழாயை நெருக்கிவிடும் என்றார். உடனே வரச் சொல்லிப் பார்த்துவிட்டு ஆன்டிபயாடிக் எழுதிக்கொடுத்தார்.

கன்னத்து வீக்கத்தின் ஓரத்தைப் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். மணிக்கொரு தடவை பார்க்கிறேன். கோட்டைத் தாண்டவில்லை. அப்பா விரலை விட்டுக் காட்டுகிறார், கேட்பதற்கு முன்னாலேயே.

அக்டோபர் 23, வியாழன்

கடிதம் கிடைத்துவிட்டது. நாலே வரி. ரத்தம் கட்டாமலிருக்கிற இரண்டு மாத்திரையையும் நிறுத்த வேண்டாம், அப்படியே எடுக்கலாம், தையல் போட்டு அழுத்திப் பிடித்தால் ரத்தம் நிற்கும். இந்த நாலு வரிக்குத்தான் இத்தனை ராத்திரி. வாங்கும்போது கை நடுங்கியது. தாடை வலி பற்றியும் கேட்டேன். ஈசிஜி எடுத்துப் பார்த்து, இதயத்தில் புதிதாக எதுவும் இல்லை என்றார்.

வீக்கம் கோட்டுக்கு உள்ளே இறங்கியிருக்கிறது. நாளைக் காலை 10 மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். சாப்பிட்டு, மாத்திரை எல்லாம் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். எடுத்த பிறகு 24 மணி நேரம் வாய் கொப்பளிக்கக் கூடாது, உறைந்த ரத்தம் கரைந்துவிடும். உப்புத் தண்ணீர் மறுநாள்தான். அந்தக் குழியில் கிராம்பு வைக்கவே கூடாது என்று அத்தைக்கு போனில் சொல்லிவிட்டேன். கஞ்சியை நன்றாக ஆற வைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று அம்மாவிடமும். ஆட்டோவை 9 மணிக்கு வரச் சொல்லியிருக்கிறது.