ஏழாம் மலையில் மூடுபனி

பங்குனிக் கடைசியில் கோவை பக்கத்து வெள்ளியங்கிரி மலைக்குப் போய் வந்தேன். கோவை காந்திபுரத்தில் பூண்டி பஸ் ஏறி, அடிவாரத்தில் ஆண்டவரையும் மனோன்மணி அம்மனையும் கும்பிட்டு, ஒரு மூங்கில் தடி வாங்கிக்கொண்டு விடியற்காலை 3 மணிக்கு ஏற ஆரம்பித்தேன். ஏழு மலை, மேலே போக மட்டும் சுமார் 6 கிலோமீட்டர்.

முதல் மலை முழுக்கப் படிக்கட்டு. அதுவும் ஒரு படி முழங்கால் உயரம் இருக்கும், அடுத்தது வெறும் உருண்டைக் கல். என்னைக் கேட்டால் ஏழிலும் மூச்சை வாங்குவது அதுதான். வெள்ளை விநாயகர் சன்னதி வரும்போது சட்டையைப் பிழியலாம். அப்புறம் கைதட்டிச் சுனைத் தண்ணீர், சுக்குக் காபி. இறங்கி வருகிறவர்கள் "பக்கந்தான் சாமி, ஏறுங்க" என்பார்கள், அந்தச் சொல்லுக்குக் கால் எப்படியோ கட்டுப்படுகிறது.

மரங்கள் முடிந்து புல்வெளி வந்த இடத்தில் நல்ல வெயில். ஆறாம் மலையில் ஆண்டி சுனையில் முங்கி எழுந்தால் பல் கிட்டிக்கொண்டது, ஈரத் துண்டோடு நிமிர்ந்து பார்க்கிறேன், எதிரே இருந்த ஏழாம் மலையைக் காணோம்! பனி மூடிவிட்டது, கூடவே சாரல், ஆளைத் தள்ளுகிற காற்று. திரும்பிவிடலாமா என்று நின்றேன். பக்கத்தில் ஒரு பெரியவர், வருசா வருசம் வருகிறவராம், "கூப்பிட்டவன் வழி காட்டுவானுங்க சாமி, தடிய முன்னால ஊனுங்க, அப்புறம் காலு" என்றார். முன்னால் போகும் அவருடைய தடி நுனியை மட்டும் பார்த்துக்கொண்டே ஏறினேன்.

உச்சியில் பெரும் பாறைகள் ஒன்றோடொன்று சாய்ந்து நிற்கிற குகைக்குள் சுயம்பு லிங்கமாக ஆண்டவர். குனிந்து உள்ளே போனதும் காற்றுச் சத்தம் சட்டென்று அடங்கி, கற்பூரமும் வில்வமும் ஈரப் பாறையும் கலந்த ஒரு வாசனை. என்னென்னவோ வேண்டிக்கொள்ள நினைத்துப் போயிருந்தேன், ஒன்றும் வாயில் வரவில்லை, 'நமசிவாய' மட்டும்தான் வந்தது.

இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஏறியதைவிட அதுதான் கடினம், முழங்கால் நடுங்கும், பாறை வழுக்கும். அடிவாரம் வந்தபோது தடியின் நுனி நார் நாராகப் பிரிந்து, இடுக்கெல்லாம் மலை மண். கழுவ மனசு வரவில்லை, அப்படியே பூசை அறையில் சாத்தி வைத்திருக்கிறேன். அடுத்த வருசமும் அதே தடிதான்.